அரங்கின் வாயிலில்

நுழையும்முன்

விளையாட்டு வீரர்களைப் பற்றிய எழுத்துகள் நிறைய உண்டு. அரங்கின் படிகளில் நின்று அவர்களைப் பார்த்தவர்களைப் பற்றிய எழுத்துகள் குறைவு. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் உலகின் கால்பந்து அரங்குகள் மூடப்பட்டன. பின்னர்ச் சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டன. திறந்த வாயிலுக்குள் நுழைவதா, வீட்டிலேயே இருப்பதா என்னும் வினா இலட்சக்கணக்கான ரசிகர்கள் முன் நின்றது. அவர்கள் அதனை எவ்வாறு எடைபோட்டனர் என்பதை இப்பாடம் கூறுகிறது.

பெர்காமோவின் இரவு

இத்தாலியின் வடபகுதியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்துள்ள நகரம் பெர்காமோ. ஏறத்தாழ 1,20,000 மக்கள் வாழும் அந்நகரின் கால்பந்துக் கழகம் அட்டலாண்டா. 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கழகம், நூறாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து, 2019-20 பருவத்தில்தான் ஐரோப்பாவின் தலையாய கழகப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. அதன் சொந்த அரங்கு புதுப்பிக்கப்பட்டு வந்ததால், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மிலான் நகரின் சான் சிரோ அரங்கில் ஆட்டங்கள் நடத்தப்பட்டன.

2020 பிப்ரவரி 19 அன்று ஸ்பெயின் நாட்டு அணியான வலென்சியாவை அட்டலாண்டா அங்கே எதிர்கொண்டது. பெர்காமோவிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பேருந்துகளிலும் தொடர்வண்டிகளிலும் மகிழுந்துகளிலும் மக்கள் திரண்டனர். அரங்கில் 44,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அட்டலாண்டா 4-1 என்னும் கணக்கில் வென்றது. ஒரு நகரமே பல தலைமுறைகளாகக் காணாத வெற்றி அது. முன்பின் அறியாதவர்களும் கட்டித் தழுவிக்கொள்ளும் இரவாக அது அமைந்ததில் வியப்பில்லை.

இரண்டு நாள் கழித்து, அதே லொம்பார்டி மாநிலத்தின் கொடோஞோ என்னும் சிற்றூரில் கொரோனா நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டார். அதற்கு முன்பே நோய் அப்பகுதியில் ஓசையின்றிப் பரவியிருந்தது என்பது பின்னரே புரிந்தது. அடுத்த சில வாரங்களில் ஐரோப்பாவிலேயே மிகக் கொடிய பாதிப்புக்குள்ளான பகுதிகளுள் ஒன்றாகப் பெர்காமோ மாறியது. மார்ச் 18ஆம் நாள் இரவில், உள்ளூர் இடுகாட்டில் இடமின்றி, சவப்பெட்டிகளைச் சுமந்த இராணுவ வண்டிகள் அந்நகரத் தெருக்களில் வரிசையாகச் சென்றன. வலென்சியா அணியிலும் வீரர், அலுவலருள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தொற்று உறுதியானது.

அந்த ஓர் ஆட்டமே இத்துயரத்துக்குக் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் அன்றாடப் பயணங்களும் அதில் பங்கு பெற்றன. ஆயினும் நோயின் வேகத்தைக் கூட்டிய நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று என மருத்துவ வல்லுநர் பலர் கருதினர். அன்று மிலானுக்குச் சென்றவர்கள் எதையும் எடைபோட்டுப் பார்த்துச் சென்றவர்களல்லர். எடைபோடுவதற்கு ஒரு தட்டில் வைக்கவேண்டிய செய்தியே அவர்களிடம் அப்போது இல்லை.

லிவர்பூலின் நிலை வேறு. மார்ச் 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் இந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. அன்று மாலையே லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் 50,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் லிவர்பூல் அணி அட்லெட்டிகோ மாட்ரிட் அணியுடன் ஆடியது. மாட்ரிட் நகரில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. ஸ்பெயினின் லீக் ஆட்டங்களைப் பார்வையாளரின்றி நடத்துமாறு உத்தரவிடப்பட்டிருந்தது. எனினும் அந்நகரிலிருந்து ஏறத்தாழ 3,000 ரசிகர்கள் வானூர்தியேறி லிவர்பூலுக்கு வந்திருந்தனர். உள்ளூரில் அடைக்கப்பட்ட கதவு அயலூரில் அகலத் திறந்திருந்தது. செய்தி இருந்தும் முடிவெடுக்க வேண்டியோர் முடிவெடுக்காத நாள் அது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 13 அன்று, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நிறுத்தப்பட்டது.

பேசாத பேயாட்டம்

ஐரோப்பாவின் பெரிய லீக்குகளுள் முதலில் மீண்டும் தொடங்கியது ஜெர்மனியின் புண்டஸ்லிகா. 2020 மே 16 அன்று டார்ட்மண்ட் நகரில் பொருசியா டார்ட்மண்ட் அணி தன் அண்டைப் பகையான ஷால்கே அணியை 4-0 என வென்றது. 81,000-க்கும் மேற்பட்டோர் கூடக்கூடிய அந்த அரங்கின் தென்புற மாடத்துக்கு ‘மஞ்சள் சுவர்’ என்று பெயர். ஏறத்தாழ 25,000 பேர் மஞ்சள் உடையில் தோளோடு தோள் நின்று பாடும் இடம் அது. அன்று அங்கே ஒருவரும் இல்லை. பந்து உதைபடும் ஓசையும் பயிற்சியாளரின் கூவலும் தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டன. ஆட்டம் முடிந்ததும் டார்ட்மண்ட் வீரர்கள் வழக்கம்போல் அந்த மாடத்தின் முன் சென்று, ஆளில்லாத படிகளுக்கு வணக்கம் செலுத்தினர்.

பார்வையாளரற்ற இத்தகைய ஆட்டங்களை ஜெர்மானியர் ‘பேய் ஆட்டங்கள்’ என அழைக்கின்றனர். தமிழில் பேயாட்டம் என்றால் அடங்காத ஆரவாரம் என்றே பொருள். அங்கே அச்சொல் ஆரவாரத்தின் இன்மையைக் குறிக்கிறது.

மான்சென்கிளாட்பாக் கழகம், ரசிகர்களின் முழு உருவப் படங்களை அட்டையில் அச்சிட்டு இருக்கைகளில் நிறுத்தியது. ஒரு படத்துக்கு 19 யூரோ கட்டணம், ஆயிரக்கணக்கானோர் கட்டினர். ஆனால் ஜெர்மனியின் தீவிர ரசிகர் குழுக்கள் பலவும் பேய் ஆட்டங்களையே எதிர்த்தன. தொலைக்காட்சி உரிமைத் தொகைக்காகவே ஆட்டம் அவசரமாகத் தொடங்கப்படுகிறது என்பது அவர்கள் வாதம். பொதுமக்கள் நோய்ப் பரிசோதனைக்குக் காத்திருக்கையில் வீரர்களுக்கு மட்டும் அடிக்கடி பரிசோதனை செய்வது முறையா எனவும் அவர்கள் வினவினர். கால்பந்து வாழும், நோயுற்றிருப்பது அதன் வணிகமே என்னும் பொருள்பட, ஆக்ஸ்பர்க் நகர அரங்கில் ஒரு பதாகை கட்டப்பட்டிருந்தது. தாங்கள் உள்ளே வர முடியாததைவிட, தாங்கள் இல்லாமலேயே ஆட்டம் நடந்துவிடுகிறது என்பதே அவர்களை மிகவும் வருத்தியது போலும்.

இந்தியாவிலும் இதே நிலைதான். 2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் சென்னையின் எஃப்சி அணிக்கும் ஏடிகே அணிக்கும் இடையே நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம் பார்வையாளரின்றி நடைபெற்றது. அதற்கடுத்த பருவத்தின் ஆட்டங்கள் அனைத்தும் கோவாவிலேயே, மூடிய கதவுகளுக்குள் நிகழ்ந்தன.

தெரியுமா?

சொந்த மண்ணில் ஆடும் அணிக்கே வெற்றிவாய்ப்பு மிகுதி என்பது கால்பந்தின் நெடுநாள் அனுபவம். பெரும்பாலான ஆட்டங்கள் வெற்று அரங்குகளில் நடந்த 2020-21 பிரீமியர் லீக் பருவத்தின் 380 ஆட்டங்களில், சொந்த அணிகள் வென்றவை 144. வெளியூர் அணிகள் வென்றவை 153. இங்கிலாந்தின் முதல்நிலைப் பிரிவு வரலாற்றில் வெளியூர் அணிகள் கூடுதலாக வென்ற முதல் பருவம் அதுவே. கூட்டத்தின் கூச்சல் இல்லாதபோது வெளியூர் வீரர்களுக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கை குறைந்ததையும் ஆய்வுகள் காட்டின.

திறந்திருந்தும் நுழையாதவர்கள்

ரசிகன் என்றாலே முன்பின் பாராதவன் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அவ்வெண்ணத்துக்குச் சான்று காட்டுவதும் எளிது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு 2020 ஜூனில் லிவர்பூல் அணி லீக் பட்டம் வென்றபோது, வீட்டிலிருந்தே கொண்டாடுங்கள் என்னும் வேண்டுகோளை மீறி ஆயிரக்கணக்கானோர் தெருவில் கூடினர். கழகமும் நகர மன்றமும் காவல்துறையும் இணைந்து அதனைக் கண்டித்தன. ஆனால் அதே ஆண்டின் வேறு சில நிகழ்வுகள் இதற்கு நேர்மாறானவை.

பெலாரஸ் நாட்டில் பொதுமுடக்கம் அறிவிக்கப்படவில்லை. ஐரோப்பாவின் மற்ற லீக்குகள் நின்றுபோன 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அங்கே லீக் ஆட்டங்கள் பார்வையாளருடன் நடந்தன. தடையேதும் இல்லை, நுழைவுச்சீட்டும் கிடைத்தது. எனினும் பல கழகங்களின் ரசிகர் குழுக்கள் தாமாகவே அரங்குக்குச் செல்வதில்லை என முடிவு செய்து, பிறரையும் வீட்டில் இருக்குமாறு கேட்டுக்கொண்டன. நேமன் குரோட்னோ அணியின் ரசிகர்களும் அவர்களுள் அடங்குவர். அரங்குகளில் கூட்டம் மெலிந்தது. டைனமோ பிரெஸ்ட் கழகம், இணையவழிச் சீட்டு வாங்கிய ரசிகர்களின் முகப்படங்களைத் துணிக்கடைப் பொம்மைகளுக்குப் பொருத்தி இருக்கைகளில் அமர்த்தியது. அரசு விதிக்காத கட்டுப்பாட்டைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ரசிகர்களின் செயல், இக்காலத்தின் பெருஞ்செய்திகளுக்கிடையே போதிய அளவு பேசப்படவில்லை.

பெர்காமோவிலும் அத்தகைய ஒன்று நிகழ்ந்தது. வலென்சியாவுக்குச் சென்று பார்க்கவிருந்த இரண்டாம் ஆட்டம் மூடிய கதவுகளுக்குள் நடத்தப்பட்டதால், தங்களுக்குத் திரும்பக் கிடைத்த சீட்டுத் தொகையை அட்டலாண்டா ரசிகர்கள் உள்ளூர் மருத்துவமனைக்கு வழங்கினர். நகரின் பொருட்காட்சி வளாகத்தில் தற்காலிக மருத்துவமனை எழுப்பப்பட்டபோது, மாடத்தில் பதாகை பிடித்த கைகள் அங்கே சுவர்ப்பலகை பொருத்தின, வண்ணம் தீட்டின.

2020 செப்டம்பர் 24 அன்று ஐரோப்பிய சூப்பர் கோப்பை ஆட்டம் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்றது. பயர்ன் மியூனிக் அணியும் செவிய்யா அணியும் மோதின. பெருந்தொற்றுக்குப் பின் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் பார்வையாளரை அனுமதித்த முதல் ஆட்டம் அது; 67,000 பேர் அமரக்கூடிய அரங்கில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான இடங்களே நிரப்பப்பட்டன. ஆனால் புடாபெஸ்டில் தொற்று வேகமாகப் பெருகிவந்தது. பவேரிய மாநில முதலமைச்சர் மார்க்கஸ் சோடர் வெளிப்படையாக எச்சரித்தார். சீட்டு வாங்கியிருந்த பயர்ன் ரசிகர்களுள் நூற்றுக்கணக்கானோர் அவற்றைத் திருப்பித் தந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேர் சென்றனர். கோப்பைக்காக எதையும் செய்யக்கூடியவர்கள் எனப் பெயர்பெற்ற கூட்டம் அன்று இரண்டாகப் பிரிந்தது. சென்றவர்களையும் எளிதில் பழித்துவிட முடியாது. சட்டம் அனுமதித்தது, கழகம் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது, இருக்கைகள் இடைவெளியுடன் அமைந்தன. சென்றோர், செல்லாதோர் ஆகிய இருசாராரிடமும் இருந்த செய்திகள் ஒன்றே. அவற்றுக்குக் கொடுத்த எடைதான் வேறு.

தட்டில் வைக்கப்பட்டவை

அரங்குக்குச் செல்லும் ஒருவர் தம் உடல்நலத்தை மட்டும் பணயம் வைப்பதில்லை. தொற்றுநோயின் தனித்தன்மை அது. மலையேறுபவர் தவறி விழுந்தால் துன்பம் பெரும்பாலும் அவரோடு நிற்கும். அரங்கிலிருந்து திரும்புபவரோ பேருந்தில் அருகில் அமர்ந்தவருக்கும், மறுநாள் கடையில் பணிபுரிபவருக்கும், வீட்டிலுள்ள முதியவருக்கும் நோயைக் கொண்டுசெல்லக்கூடும். அவர்கள் யாரும் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவர்களிடம் இசைவும் கேட்கப்படவில்லை.

மறுபக்கம் இருந்தவையும் இலேசானவையல்ல. ஐரோப்பாவின் பல நகரங்களில் அரங்கின் இருக்கை குடும்பச் சொத்தைப்போல் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வருவது. வாரந்தோறும் அதே இடத்தில் அதே அண்டை இருக்கைக்காரரைச் சந்திக்கும் முதியவருக்கு அதுவே வாரத்தின் நீண்ட உரையாடலாக இருக்கக்கூடும். பெரிய கழகங்கள் தொலைக்காட்சிப் பணத்தில் வாழ்கின்றன. கீழ்நிலைப் பிரிவுக் கழகங்களோ வாயிலில் வசூலாகும் பணத்தை நம்பியிருப்பவை. அவற்றின் ரசிகர்களுக்கு அரங்குக்குச் செல்வது என்பது தம் கழகம் மூடப்படாமல் காப்பதுமாகும்.

இதனினும் சிக்கலானது ஒன்று உண்டு. ரசிகர் ஏங்குவது ஆட்டத்துக்காக மட்டுமன்று. ஆட்டம் தொலைக்காட்சியிலேயே கிடைத்தது. அவர் ஏங்கியது நெருக்கத்துக்காக, ஒரே குரலில் பாடுவதற்காக, கோல் விழுந்ததும் பக்கத்திலிருப்பவரின் தோளைப் பற்றுவதற்காக. நோய் பரவும் வழிகளும் இவையே. உரக்கப் பாடும்போது வாயிலிருந்து வெளிப்படும் நுண்துளிகள் அமைதியாக மூச்சுவிடும்போது வெளிப்படுவனவற்றைவிடப் பன்மடங்கு மிகுதி. எதற்காகச் செல்கிறாரோ அதையே விலக்கிவைக்க வேண்டும் என்றால் செல்வதற்கு என்ன பொருள் என்னும் வினா இங்கே எழுகிறது.

ஜெர்மனியின் ரசிகர் குழுக்கள் பல இவ்வினாவுக்கு, எல்லாரும் அல்லது ஒருவரும் வேண்டா எனப் பதிலளித்தன. 2020 ஆகஸ்டில் ஜெர்மானியக் கழகங்கள் கூடி, ரசிகர் திரும்பும்போது வெளியூர் ரசிகருக்கு இடமில்லை, நின்று பார்க்கும் மாடங்கள் மூடப்படும், மது விற்பனை இல்லை, சீட்டு வாங்குவோர் பெயர் பதிவு செய்யப்படும் என விதிகள் வகுத்தன. இவ்விதிகளுக்குட்பட்டுச் சிலர் மட்டும் உள்ளே செல்வதைவிட, அனைவரும் செல்லும் நாள்வரை வெளியே நிற்பதே ஒற்றுமை என அக்குழுக்கள் கருதின.

ஜப்பான் வேறு விடை கண்டது. 2020 ஜூலை 10 முதல் அந்நாட்டு ஜே லீக் அரங்குகளில் அதிகபட்சம் 5,000 பேர் அனுமதிக்கப்பட்டனர். பாடுதல் கூடாது, கூவுதல் கூடாது, முரசு, கொடியசைப்பு, கைகோத்தல் எதுவும் கூடாது. கைதட்டலாம். ரசிகர்கள் அதனை ஏற்றுக்கொண்டு, கைத்தட்டலின் வேகத்தையும் தாளத்தையும் கொண்டே தம் அணியை ஊக்கினர். கோல் நழுவும் கணத்தில் வாயிலிருந்து தானாக எழும் ஓசையை அடக்குவதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை விளையாட்டுப் பார்ப்போர் அறிவர். இக்கட்டுப்பாடு ஓரிரு மாதங்களன்று, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

2,000 இருக்கைகள்

இங்கிலாந்தில் 2020 டிசம்பர் தொடக்கத்தில், தொற்று குறைவான பகுதிகளில் மட்டும் ரசிகர்கள் அனுமதிக்கப்பட்டனர். நடுத்தர நிலைப் பகுதிகளின் அரங்குகளில் 2,000 பேருக்கே இடம். லிவர்பூல் நகரம் மக்கள் அனைவருக்குமான பெரும்பரிசோதனைத் திட்டத்தை நவம்பரில் நடத்தித் தொற்றைக் குறைத்திருந்ததால் அனுமதி பெற்றது. அதன் அண்டை நகரான மான்செஸ்டர் பெறவில்லை. பருவம் முழுமைக்கும் சீட்டு வாங்கியிருந்த பல்லாயிரவரிலிருந்து 2,000 பேரைக் குலுக்கல் முறையில் கழகங்கள் தேர்ந்தெடுத்தன. ஆகவே எடைபோடும் வேலை வாயிலுக்கு வருமுன்பே தொடங்கியது: குலுக்கலில் பெயர் கொடுப்பதா, வேண்டாவா? வயது முதிர்ந்தோர்க்கும் நாள்பட்ட நோயுடையோர்க்கும் இது கடினமான வினா; எந்தக் கழகத்துக்காக வாழ்நாளெல்லாம் நின்றார்களோ அதன் வாயிலில் பிறருக்கு இடம்விட்டு விலக வேண்டியவர்கள் அவர்களே. டிசம்பர் 6 அன்று ஆன்ஃபீல்டில் அந்த 2,000 பேர், 50,000 பேரின் இடத்தை நிரப்ப முயன்று பாடினர். சில வாரங்களில் நோய் மீண்டும் பெருகியது. கதவுகள் மறுபடியும் அடைக்கப்பட்டன.

ஆபத்து அரங்குக்குள் மட்டுமா?

தடுப்பூசி பரவலாகச் செலுத்தப்பட்ட பின், 2021 ஜூன் 11 முதல் ஜூலை 11 வரை ஐரோப்பியக் கோப்பைப் போட்டி 11 நகரங்களில் நடைபெற்றது. ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு அளவில் ரசிகரை அனுமதித்தது. புடாபெஸ்டில் இருக்கைகள் அனைத்தையும் நிரப்ப இசைவு இருந்தது. இலண்டன் வெம்பிளி அரங்கின் இறுதியாட்டத்தில் 60,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

இப்போட்டியின்போது ஸ்காட்லாந்தின் பொதுநலவாழ்வுத் துறை திரட்டிய எண்கள் கவனத்துக்குரியவை. போட்டி தொடர்பான கூடல்களில் பங்கேற்ற 1,991 பேருக்கு நோய் உறுதியானது என அத்துறை ஜூன் இறுதியில் அறிவித்தது. அவர்களுள் 1,294 பேர் இலண்டனுக்குப் பயணம் செய்தவர்கள். ஆனால் வெம்பிளி அரங்கினுள் சென்று ஜூன் 18 ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 397 பேர் மட்டுமே. மற்றவர்கள் சீட்டின்றியே நண்பர்களுடன் தலைநகருக்குச் சென்றவர்கள். அரங்கில் இடைவெளியும் விதியும் இருந்தன. திறந்த வானமும் இருந்தது. தொடர்வண்டிப் பெட்டியிலும் உணவகத்திலும் மதுக்கூடத்திலும் அவை இல்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆட்டம் பார்த்துத் திரும்பிய பின்லாந்து ரசிகர்களுள்ளும் நூற்றுக்கணக்கானோர்க்குத் தொற்று ஏற்பட்டது. 90 நிமிட ஆட்டத்தை மட்டும் எடைபோட்டவர்கள், அதற்கு முன்னும் பின்னும் உள்ள நீண்ட நாளைத் தட்டில் வைக்க மறந்திருந்தனர்.

திறந்த கதவு

2021 ஆகஸ்டில் இங்கிலாந்தின் அரங்குகள் முழு அளவில் திறந்தன. தடுப்பூசிச் சான்றோ பரிசோதனைச் சான்றோ உள்ளதா என வாயில்களில் சிலரிடம் மட்டும் சோதித்தனர். முகக்கவசம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

அப்பருவத்தின் முதல் ஆட்டம் ஆகஸ்ட் 13 அன்று மேற்கு இலண்டனில் பிரென்ட்ஃபோர்டு கழகத்துக்கும் ஆர்சனல் கழகத்துக்கும் இடையே நடந்தது. பிரென்ட்ஃபோர்டின் பழைய அரங்கு கிரிஃபின் பார்க். 1904 முதல் பயன்பட்ட அவ்வரங்கின் கடைசி ஆட்டங்கள் 2020 ஜூலையில் பார்வையாளரின்றி நடந்தன. தாத்தா காலந்தொட்டுச் சென்றுவந்த இடத்துக்கு ரசிகர்களால் விடைகொடுக்க இயலவில்லை. அடுத்த பருவத்தில் அருகிலேயே எழுந்த புதிய அரங்கில் அணி பெரும்பாலும் வெற்று இருக்கைகளுக்கு முன்னே ஆடி, 74 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்நிலைப் பிரிவுக்கு உயர்ந்தது. அன்று அவ்வரங்குக்கு 16,000-க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். தம் இருக்கை எந்த வரிசையில் உள்ளது என்பதைப் பலரும் சீட்டைப் பார்த்தே தேடவேண்டியிருந்தது. பிரென்ட்ஃபோர்டு 2-0 என வென்றது.